மூன்றாம் சுற்று

தேரிக்காட்டின் செம்மண் பறந்து வெள்ளைச் சுவர்களையெல்லாம் காவியாக்கும் செம்மணல்புரம் என்னும் சிற்றூரில், கோயில் தெரு முதல் வீட்டில் வாழ்ந்தவரும், காலஞ்சென்ற ஏசுவடியான் அவர்களின் மூத்த குமாரரும், ஒலிபெருக்கி அறிவிப்பாளருமாகிய செல்வின் பாக்கியநாதன் அவர்கள், வயது முப்பத்தெட்டு, தம் மனைவி கிரேனாப்புக்கு அயர்லாந்து தேசத்து முதியோர் இல்லம் ஒன்றில் செவிலியர் பணி கிடைத்ததை முன்னிட்டு, ஐந்து வயது மகள் ஜெமிமாவையும் பத்து மாத மகன் ஈதனையும் அழைத்துக்கொண்டு, இரண்டாயிரத்து இருபத்திரண்டாம் ஆண்டு ஜனவரித் திங்கள் பதினேழாம் நாள் காலை பத்து மணிக்கு ஊரைவிட்டுப் புறப்பட்டார் என்பதையும், அவருடைய குரல் அவருடன் புறப்படவில்லை என்பதையும் முதற்கண் அறிவித்துக்கொள்வது முறையாகும்.

குரல் புறப்படாததற்கு ஒரு நியாயம் இருந்தது. செம்மணல்புரத்தில் எந்தச் செய்தியும், அது தண்ணீர் வராத செய்தியானாலும் சாவுச் செய்தியானாலும், சுயம்புலிங்கத்தின் ஆட்டோவில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாய் வழியாக மூன்று சுற்றுச் சொல்லப்பட்ட பிறகே செய்தியாகும். முதற்சுற்று காதில் விழுவதற்கு, இரண்டாம் சுற்று மனத்தில் பதிவதற்கு, மூன்றாம் சுற்று உறுதிப்படுவதற்கு. மூன்றாம் சுற்று முடிவதற்குள் எவரேனும் வண்டியின் முன்னால் வந்து நின்று, இது பொய் என்று வாய்விட்டு மறுத்தால் அந்த அறிவிப்பு அந்த இடத்திலேயே செத்துவிடும். மறுப்பு இல்லையானால் அதுவே ஊரின் உண்மை, பிறகு அதை மாற்ற எந்த அதிகாரியாலும் இயலாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த தவறான தொலைபேசியை நம்பி, கிணற்றடித் தெரு யோவான் இறந்துபோனார் என்று ஒருமுறை செல்வினே அறிவித்துக்கொண்டு போக, மூன்றாம் சுற்றில் யோவானின் தங்கை தலைவிரி கோலமாக ஓடிவந்து வண்டியை மறித்து, "ஏ பாவி, எங்கண்ணன் உள்ள இட்லி தின்னுக்கிட்டு இருக்கான்லே" என்று கூவினாள். அந்த ஒரு கூவலினால் யோவான் பின்னும் பதினோரு ஆண்டுகள் உயிரோடிருந்தார்.

அயர்லாந்துக்குப் புறப்பட்ட அன்று காலையில், பலசரக்குக் கடை தாவீதின் தாயார் ஞானதீபம் அம்மாள் இறந்துபோனதைச் செல்வின் இரண்டு சுற்று அறிவித்திருந்தார். மூன்றாவதற்கு வண்டி திரும்பும்போது விமான நிலையத்துக்குச் செல்லும் கார் வாசலில் வந்து நின்றது. கிரேனாப் கைக்குழந்தையோடு ஏறி அமர்ந்து, "நேரமாச்சு, அத்தான். செத்தவங்க எங்கயும் போயிர மாட்டாங்க, பிளேன் போயிரும்" என்றாள். செல்வின் ஒலிவாங்கியைச் சுயம்புலிங்கத்தின் கையில் கொடுத்துவிட்டுக் காரில் ஏறினார். தொழிலில் இருந்த பதினாறு ஆண்டுகளில் அவர் தாமாக முடிக்காமல் விட்ட சுற்று அது ஒன்றுதான்.

கார் வளைவில் மறைந்ததும், ஒலிவாங்கியின் விசையை அணைத்துவிட்டு வண்டியைக் கிளப்பிய சுயம்புலிங்கத்தின் தலைக்கு மேலே, குழாயிலிருந்து, "பலசரக்குக் கடை தாவீது அவர்களின் அன்புத் தாயார்…" என்று கணீரென்று குரல் எழுந்தது. சுயம்புலிங்கம் இறங்கி, பெட்டியைத் திறந்து, ஒயரையெல்லாம் தொட்டுப் பார்த்து, எதுவும் எதிலும் இணைக்கப்படவில்லை என்பதைக் கண்டுகொண்டு, "சரிதான்" என்று மறுபடி ஏறி, மூன்றாம் சுற்றை முறைப்படி ஓட்டி முடித்தார்.

"முடிஞ்சுதாடே?" என்று கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்று கேட்டார்.

"முடிஞ்சுது. வண்டிய நெழல்ல விடு. வெயிலு கொல்லுது" என்றது குரல்.

அவ்வளவுதான். ஊருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. குரல் கடமையை முடிக்கத் தங்கியது, முடித்தபோது விமானம் போய்விட்டது, குரலுக்கென்று தனியாகப் பயணச்சீட்டு எவரும் எடுத்திருக்கவில்லை. இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது? டீக்கடை இசக்கியம்மாள் மறுநாளே வண்டியின் முன்பலகையில் குரலுக்கென ஒரு கிளாஸ் டீ கொண்டுவந்து வைத்தாள். ஆறிய பின் அதைச் சுயம்புலிங்கம் குடித்தார். உடம்பில்லாத குரல் ஆலயத்தில் ஆமென் சொல்லலாமா என்னும் ஐயம் உபதேசியாருக்கு எழுந்து, அவர் மேலிடத்துக்குக் கடிதம் எழுதி, பதில் வராமற்போக, மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை முதல் குரலே வேதபாடம் வாசித்தது. சோறுண்ண மறுத்த பிள்ளைகளைப் பெயர் சொல்லி அதட்டியது. பெண் கேட்டுப் போகிறவர்கள் வாய்ப்பேச்சுக்கு ஆள் வேண்டுமென்று அதை வண்டியோடு அழைத்துச் சென்றார்கள். உள்ளாட்சித் தேர்தலில் இரண்டு கட்சிக்கும் ஒரே கனிவோடு வாக்குக் கேட்டது. மழைக்காலத்தில் அதற்குச் சளிபிடித்தபோது பெண்கள் கூடி, குழாயின் வாயில் கற்பூரவல்லிச் சாற்றைத் துணியில் நனைத்துக் கட்டினார்கள். "ஆளு போனாப் போறான். நம்ம செல்வினு இங்கனதான இருக்கான்" என்று ஊர் சொல்லிக்கொண்டது, அப்படிச் சொல்லச் சொல்ல, விமானத்தில் ஏறிப்போனது செல்வினின் சாமான்களுள் ஒன்று என்பதுபோல் ஆகிவிட்டது.

சாமானாகிய செல்வினோ, குடியேற்றச் சாளரத்தில் அதிகாரி பெயரைக் கேட்டபோதுதான் தம் வாயிலிருந்து காற்றைத் தவிர எதுவும் வராததை அறிந்தார். கிரேனாப் முந்திக்கொண்டு பதில் சொன்னாள். அந்த நாட்டு மருத்துவர் மூக்கின் வழியே மெல்லிய குழாயைச் செலுத்திப் பார்த்து, தொண்டையில் பழுதேதுமில்லை, இவர் பேச விரும்பவில்லை போலும் என்று எழுதிக்கொடுத்தார். அனுமதி அட்டையிலே அவருடைய பெயருக்குக் கீழே, இன்னாரைச் சார்ந்து வந்தவர் என்று அச்சிட்டிருந்தது. பதினாறு ஆண்டுகள் ஓர் ஊரின் பிறப்பையும் இறப்பையும் உறுதிசெய்த மனிதர், ஓயாது தூறும் ஒரு கடலோர நகரத்தில், ஈரத் துணிகளை வெப்பக் குழாயின்மேல் காயப்போட்டுக்கொண்டும், மகளுக்குத் தலை பின்னிப் பள்ளியில் விட்டுக்கொண்டும், மகனுக்குப் பருப்புச் சோறு பிசைந்துகொண்டும், பதின்மூன்று மணிநேரம் நின்று வேலைபார்த்து வரும் மனைவியின் வீங்கிய பாதங்களுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டும் வாழ்ந்தார். இவ்வேலைகளில் அவர் குறைவைத்ததில்லை. குறைவைத்திருந்தால் ஒருவேளை யாரேனும் அவரைத் திரும்பிப் பார்த்திருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் நண்பகலில் ஊரிலிருந்து தொலைபேசி வரும். சுயம்புலிங்கம் கைப்பேசியைக் குழாயின் வாயருகே பிடித்துக்கொள்வார்.

"ஏட்டி ஜெமி, சாப்ட்டியா? பள்ளியோடத்துல எவனும் வம்பு பண்ணுதானா? பேரு சொல்லு, மூணு சுத்துல நாறடிச்சிருதேன்" என்னும் குரல். ஜெமிமா விழுந்து விழுந்து சிரிப்பாள். அவளுக்குத் தமிழ் புரியும். ஆனால் பதிலைப் பள்ளிக்கூடத்து மொழியிலேயே சொல்வாள். தாய் வேலையிலும் தந்தை மௌனத்திலும் கிடக்க, அந்த வீட்டில் அவள் தமிழில் பதில் சொல்வதற்கு வாரத்தில் ஆறு நாளும் ஆளில்லை. ஈதன் முதன்முதலாகப் பேசிய சொல் அப்பா என்பது. அந்தச் சொல்லை அவன் தொலைபேசியைப் பார்த்துச் சொன்னான். அப்போது அவனுடைய தந்தை அவனுக்குப் பின்னால் நின்று, அவன் வாயோரத்துச் சோற்றைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், இந்த மாசம் பூராவும் ஒரே நிப்பு. காலு ரெண்டும் பூசணிக்கா மாதிரி வீங்கிக் கெடக்கு" என்று கிரேனாப் தொலைபேசியிடம் சொல்வாள்.

"தலவாணி மேல காலத் தூக்கி வச்சுப் படு, கிரேனா. ஒடம்பப் பாத்துக்கோ. ஒன்ன விட்டா எங்களுக்கு யாரு இருக்கா?" என்னும் குரல்.

அவள் கண் கலங்கும். முன்தினம் அந்தக் காலை மடியில் வைத்து எண்ணெய் தேய்த்தவர் எதிரே அமர்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருப்பார். ஒருநாள் அவர் நோட்டுப் புத்தகத்தை எடுத்து, "அது நான் இல்லை" என்று எழுதி அவள் முன் வைத்தார். அவள் படித்தாள், பேனாவை வாங்கி, அதன் கீழே, "முட்டை, பால், பாத்திரம் கழுவும் சோப்பு" என்று எழுதித் திருப்பித் தந்தாள். சந்தைக்குப் போகவேண்டிய நாள் அது.

மூன்றரை ஆண்டுகள் சென்றன. மகனுக்கு நான்கு வயது கடந்தது. தம்முடைய மகன் தம்மைக் கைதட்டி அழைப்பதையும் தொலைபேசியை அப்பா என்று அழைப்பதையும் இனியும் பொறுத்தால், பிறகு குரலே திரும்பி வந்தாலும் அதைத் தம்முடையதென்று நம்புவார் எவருமிரார் என்பதைச் செல்வின் உணர்ந்தார். கிரேனாப்புக்கு இரண்டு வாரம் விடுமுறை கிடைத்த வேளையில், குடும்பத்தோடு ஊருக்கு வந்து இறங்கினார். இறங்கிய அன்றே சுயம்புலிங்கத்தின் வண்டி முன் சென்று, வாயைத் திறந்துகொண்டு நின்றார்.

"என்ன மாப்ள, கொட்டாவியா?" என்றார் சுயம்புலிங்கம்.

செல்வின் தம் தொண்டையைச் சுட்டிக் காட்டி, பிறகு குழாயைச் சுட்டிக் காட்டினார்.

"ஓகோ, அதுவா? எனக்கென்னய்யா தடை. நீ தெறந்து வையி, அது வந்தாக் கூட்டிட்டுப் போ." சுயம்புலிங்கம் குழாயைத் தட்டினார். "ஏடே, ஒன் ஆளு வந்திருக்கான்."

குழாய் பேசவில்லை. மூன்று நாட்கள் செல்வின் வந்து வாய்திறந்து நின்றார். அந்த மூன்று நாளும் குழாய் பேசவில்லை. அதனால் ஊரில் தண்ணீர் திறக்கும் நேரம் தெரியாமல் குடங்கள் காய்ந்தன, ஒரு சாவுக்கு ஆள் வரவில்லை, ஒரு நிச்சயதார்த்தம் பேசுவாரின்றி முறிந்தது. நான்காம் நாள் ஆலயத்து மண்டபத்தில் ஊர் கூடிற்று. முப்பத்தொரு ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சற்குணம் நடுநாற்காலியில் அமர்ந்தார். வண்டியை மண்டப வாசற்படி வரை தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார்கள். குரலும் கேட்க வேண்டுமல்லவா?

"இந்தா பாரு, செல்வினு" என்றார் சற்குணம், வண்டியைப் பார்த்து. பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு செல்வினின் பக்கம் திரும்பினார். "இந்தா பாருங்க, தம்பி. சத்தம் ஒம்மதுதான். யாரும் இல்லங்கல. ஆனா நீரு போட்டுட்டுப் போனீரு, ஊரு எடுத்து வளத்துச்சு. இன்னிக்கு வந்து குடுன்னா எப்படி?"

"அங்க ஒமக்கு என்னவேய் சத்தம் வேணும்?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். "சோறு பொங்குததுக்குச் சத்தம் எதுக்கு? விசிலடிக்கதுக்குக் குக்கரு இருக்கே!"

மண்டபம் சிரித்தது. செல்வின் நோட்டுப் புத்தகத்தில் எழுதி நீட்டினார். சற்குணம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உரக்க வாசித்தார்: "என் பிள்ளைகளோடு பேச வேண்டும்."

பிறகு சற்குணம், "அதையே கேட்ருவோம்" என்று வண்டிப் பக்கம் திரும்பி, "நீ என்னப்பா சொல்லுத?" என்றார்.

மூன்று நாள் மூடியிருந்த குழாய் செருமிக்கொண்டது. "நான் போயி அங்க என்னத்தப் பேச, ஐயா?" என்றது. "இங்க ஒரு சாவுன்னா நான் சொன்னாத்தான் சாவு. அங்க யாரு செத்தாலும் நம்மகிட்ட சொல்ல மாட்டாங்க. பக்கத்து வீட்டுக்காரன் பேரு என்னன்னு இவனக் கேளுங்க, மூணரை வருசமா இருக்கான்லா?"

எல்லோரும் செல்வினைப் பார்த்தார்கள். அவர் பேனாவைத் திறந்தார். எழுதுவதற்குப் பெயர் இல்லாமல் மூடினார்.

"அப்பம் சரி" என்றார் சற்குணம். "ஒரு ஆளு ரெண்டு எடத்துல இருக்க முடியாது. ஊருக்கு ஒரு செல்வினு போதும். சத்தம் இருக்கறவன் செல்வினுன்னா, மத்தவன் காலமாயிட்டான்னு அர்த்தம். முறையா அறிவிச்சிருவோம். மறுக்கறவங்க மூணாம் சுத்து முடியறதுக்குள்ள மறுக்கட்டும். மறுப்பு வந்துட்டா சத்தம் தம்பிகூடப் போயிரட்டும். புதுசா ஒண்ணும் செய்யல, நம்ம வழக்கந்தான."

அறிவிப்புக்கு வெள்ளிக்கிழமை பிற்பகல் குறிக்கப்பட்டது. வாய்விட்டு மறுக்க வேண்டும் என்பது விதி. எழுத்து செல்லாது, கைச்சைகை செல்லாது. அந்த விதியைப் பதினாறு ஆண்டுகள் காத்துவந்தவரே அவர்தாம். ஒருமுறை துண்டுச் சீட்டில் மறுப்பெழுதி அனுப்பிய விதவை ஒருத்தியை, வாயால் சொல்லம்மா என்று திருப்பியும் அனுப்பியிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை காலை, பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த கிரேனாப்பின் எதிரே அவர் நோட்டுப் புத்தகத்தை வைத்தார். "நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும். இவர் உயிரோடு இருக்கிறார் என்று."

அவள் சேலையை மடித்து முடித்துவிட்டு அமர்ந்தாள். "சொல்லுதேன். சொன்னா சத்தம் ஒங்களுக்கு வந்திரும். வந்தா என்ன செய்வீங்க?"

அவர் பொய்யெழுதி அறியாதவர். பதினாறு ஆண்டுகள் சரிபார்க்காத எதையும் அறிவித்ததில்லை என்னும் பெருமை அவருக்கு உண்டு. யோவான் ஒருவர்தாம் விலக்கு. ஆகவே பேனாவை எடுத்து, ஒவ்வோர் எழுத்தாக, "இங்கேயே இருந்துவிடுவேன். பிள்ளைகளும் என்னோடு இருக்கட்டும்" என்று எழுதினார்.

கிரேனாப் அதை இருமுறை படித்தாள். "நான் மட்டும் அங்க ஒத்தையில போயி, கெழவங்களத் தூக்கி உக்காத்தி, கழுவிவிட்டு, வந்து இருட்டு வீட்டத் தெறந்து, மொகத்தப் பாக்க ஆளில்லாமப் படுக்கணும். அப்படித்தான?" என்றாள். அவள் சத்தமிடவில்லை. "நான் யாருக்காவப் போனேன்னு ஒருநாளாவது எழுதிருக்கீங்களா இந்த நோட்டுல?"

அவர் எழுதத் தொடங்கினார். அவள் புத்தகத்தை மூடி, பெட்டிக்குள் சேலைகளுக்கு அடியில் வைத்துவிட்டாள்.

பிற்பகல் ஒரு மணிக்கு வண்டி புறப்பட்டது. செல்வின் வெள்ளைச் சட்டை அணிந்து, வண்டிக்கு முன்னால் பத்தடி தள்ளி நடந்தார். "தேவனுக்குள் நித்திரையடைந்த ஏசுவடியான் அவர்களின் மூத்த குமாரரும், செவிலியர் கிரேனாப் அவர்களின் அன்புக் கணவரும், ஜெமிமா, ஈதன் ஆகியோரின் பாசமிகு தந்தையுமாகிய செல்வின் பாக்கியநாதன் அவர்கள், வயது நாற்பத்தொன்று, காலமானார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்" என்று அவருடைய குரல் அவருடைய முதுகில் வந்து மோதியது. நல்ல அறிவிப்பு. தொனியை எங்கே இறக்க வேண்டுமோ அங்கே இறக்கி, எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தியது. தெருவோரத்தில் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, நடந்துவரும் அவரைப் பார்த்தே, "நல்ல மனுசன். ஒரு சொல்லுக்குப் பொல்லாப்பு வச்சதில்ல" என்றார்கள். இசக்கியம்மாள் கடையிலிருந்து இறங்கிவந்து, "எய்யா, ஒனக்கா இப்படி வரணும்?" என்று அவர் கையைப் பிடித்து அழுதாள். மறுக்கத்தான் இல்லை. முதற்சுற்று அவ்வாறு முடிந்தது.

இரண்டாம் சுற்றில், கடைத்தெரு முனையில், ஜெமிமா வீட்டிலிருந்து தனியாக ஓடிவந்து வண்டியின் முன்னால் கைகளை விரித்துக்கொண்டு நின்றாள். சுயம்புலிங்கம் பிரேக்கை அழுத்தினார். குரல் நின்றது. அன்று காலையில் தந்தை பின்னிவிட்ட இரட்டைச் சடை அவிழ்ந்து தொங்க, அழுதுகொண்டே அவள் உரக்கக் கூறினாள். இவர் சாகவில்லை என்றும், இவர்தான் தினமும் எனக்குத் தலை பின்னிவிடுகிறவர் என்றும், மழையில் குடையை எனக்குப் பிடித்துவிட்டுத் தான் நனைந்துவருகிறவர் என்றும், பெட்டிக்குள் பேசுகிறவரை எனக்குத் தெரியாது என்றும், அவள் அறிந்த அந்தப் பள்ளிக்கூடத்து மொழியில், மூச்சுவிடாமல் கூறினாள்.

கடைத்தெரு வாய்பிளந்து நின்றது. "பிள்ள என்ன சொல்லுது?" "எதோ பாட்டுப் படிக்குது போல." "என்னமா பேசுது பாருங்களேன், வெள்ளக்காரி கணக்கா!"

புரிந்துகொண்டவர் ஒருவர் அங்கே இருந்தார். தாவீதின் கடை வாசலில் நாற்காலி போட்டமர்ந்திருந்த தலைமையாசிரியர் சற்குணத்துக்கு ஒரு சொல்லும் பிசகாமல் புரிந்தது. ஊரார் அனைவரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியால் துடைத்து, மீண்டும் அணிந்துகொண்டார். மறுநாள் அவருடைய பேத்தியின் திருமணம்; அழைப்பு இன்னும் ஒரு சுற்றுக்கூடச் சொல்லப்படவில்லை.

"பிள்ள பயந்துபோயிருக்கு" என்றார். "யாராவது தூக்கிட்டுப் போங்க."

யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள். வண்டி நகர்ந்தது.

மூன்றாம் சுற்று கோயில் தெருவுக்குள் நுழைந்தபோது மணி நான்கு. வீட்டு வாசலில் கிரேனாப், ஈதனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். செல்வின் அவளுக்கு நேராக வந்து நின்றார், வண்டியும் நின்றது. சுயம்புலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். "ஜெமிமா, ஈதன் ஆகியோரின் பாசமிகு…" என்ற குரல், பதினாறு ஆண்டுகளிலும் அதன்பின் மூன்றரை ஆண்டுகளிலும் தடுமாறாத குரல், அவ்விடத்தில் ஒருமுறை தடுமாறியது. செல்வினின் தொண்டையில் ஏதோ ஊர்ந்தது. அவர் வாயைத் திறந்தார்.

கிரேனாப்பின் உதடுகள் பிரிந்தன. அவள் அவரைப் பார்த்தாள்; அவருக்குப் பின்னாலிருந்த எதிர்வீட்டையும் அதன் வேப்பமரத்தையும் தெருவையும் பார்த்தாள்; பிறகு தன் கால்களைப் பார்த்தாள். உதடுகள் மூடிக்கொண்டன.

"அப்பா!" என்றான் ஈதன், குழாயைப் பார்த்துக் கைநீட்டி.

"…தந்தையுமாகிய செல்வின் பாக்கியநாதன் அவர்கள், வயது நாற்பத்தொன்று" என்று குரல் தெளிந்து தொடர்ந்தது. வண்டி தெருமுனை வரை சென்று, கல்லறைத் தோட்டத்து வாசலைத் தொட்டுத் திரும்பியது. சுற்று முடிந்தது.

இனித் துட்டி கேட்க, துக்கம் விசாரிக்க, ஆட்கள் வரத் தொடங்குவார்கள். வருகிறவர்களுக்குக் கடுங்காப்பி கொடுப்பது அவ்வூர் முறை. செல்வின் வெள்ளைச் சட்டையின் கைகளை மடித்துவிட்டுக்கொண்டு உள்ளே சென்று, அடுப்பைப் பற்றவைத்து, பானையில் தண்ணீர் ஊற்றி, கருப்பட்டியைத் தட்டிப் போட்டார். கிரேனாப் வாசலிலிருந்து எட்டிப் பார்த்து, "கூட்டம் நெறைய வருது. இன்னொரு பானையும் வச்சிருங்க" என்றாள். அவர் இன்னொரு பானையும் வைத்தார்.

இவ்விஷயம் இவ்வாறு, எவருடைய மறுப்புமின்றி உறுதிசெய்யப்பட்ட நாள், இரண்டாயிரத்து இருபத்தைந்தாம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் எட்டாம் நாள், வெள்ளிக்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடம்.